பழைய டிரக்கில் எல்இடி டெயில் லைட்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது

பழைய டிரக்கைப் புதுப்பித்து, பின்னால் எல்இடி டெயில் லைட் மாட்டியபிறகு வரும் கோளாறுகள் பார்வைக்குப் பலவிதமாக இருக்கும். காரணங்கள் என்னவோ சிலதான். அதிலும் திரும்பத் திரும்ப முதலிடம் பிடிப்பது எர்த், அதாவது கரன்ட் லைட்டிலிருந்து பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி. லைட் புதிது, வயர் புதிது, பெயின்டும் புதிது. எர்த் மட்டும் அந்தப் பெயின்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் லைட்டைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்குமுன் கீழே உள்ள வரிசைப்படி பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்தை முதலிலும், காசைக் கரைக்கிற காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

கையில் இருக்கவேண்டியவை

ஒரு மல்டிமீட்டர். ஒரு டெஸ்ட் லேம்ப். இரண்டு முனையிலும் கிளிப் போட்ட நீளமான வயர். பேட்டரியிலிருந்து வண்டியின் பின்முனை வரை எட்டவேண்டும், நடுவில் ஒரு பியூஸ் இருக்கவேண்டும். அப்புறம், எல்லாவற்றையும்விட முக்கியமாக, கழற்றிப் போட்ட பழைய 21 வாட் பல்பு ஒன்று, ஹோல்டரோடும் இரண்டு வயரோடும்.

அந்தப் பல்பை ஏன் இவ்வளவு தூக்கிப் பிடிக்கிறேன் என்றால், எல்இடி மிகக் குறைந்த கரன்ட்டைத்தான் இழுக்கும். மீட்டர் அதைவிடக் குறைவு, கிட்டத்தட்ட ஒன்றுமே இழுக்காது. துருப்பிடித்த ஜாயின்ட், ஒரே ஒரு இழையில் தொங்கும் வயர் ஆகியவற்றின் வழியாகக்கூட மீட்டர் ஜம்மென்று 12 வோல்ட் காட்டும். அதே இடத்தில் 21 வாட் பல்பை வைத்தால் ஏறக்குறைய 2 ஆம்பியர் ஓடியாகவேண்டும்; பலவீனமான ஜாயின்ட் அப்போது பல்லிளித்துவிடும். மீட்டர் 12 காட்டுகிறது என்பதற்காக வயர் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்னும் ஒரு விஷயம். வயரின் நிறத்தை நம்பவேண்டாம். கறுப்பு என்றால் எர்த் என்று கை தானாகப் போகும். ஆனால் மூன்று முள் பிளக் உள்ள வட்டமான அமெரிக்க டிரக் லைட்டுகளில் வெள்ளைதான் எர்த். கறுப்பு டெயில் லைட், சிவப்பு பிரேக் லைட். பழைய உரிமையாளர் கையில் கிடைத்த நிறத்தில் ஒட்டுப்போட்ட வண்டியில் இன்னும் மோசம். லைட்டை வண்டியிலிருந்து பிரித்து, நேரடியாகப் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். அப்போது ஒழுங்காக எரிந்தால் லைட்டின் மேல் தப்பில்லை. இந்தச் சோதனை ஐந்து நிமிட வேலை, பாதி சந்தேகத்தை முடித்துவிடும்.

அறிகுறி: எதுவுமே எரியவில்லை

பியூஸ் பாருங்கள். கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. கண்ணாடிக்குழாய் பியூஸில் கம்பி அறாமலேயே மூடி கழன்றிருக்கும், அல்லது பிடித்திருக்கும் கிளிப் துருவேறியிருக்கும். டெஸ்ட் லேம்பை பியூஸின் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள்.

பியூஸ் சரி என்றால், லைட்டின் வயர்களை மாற்றிக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பழைய பல்புக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் எதுவும் கிடையாது. எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்இடி எரியாது.

அதுவும் சரி என்றால் வண்டி எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். ஃபோர்டு டிரக்குகளில் 1955 வரை 6 வோல்ட், அதுவும் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும்). 1956-இல்தான் 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு வந்தார்கள். ஷெவர்லே டிரக்கில் 12 வோல்ட் வந்தது 1955-இன் இடையில். வயரிங் மாற்றாமல் பெயின்ட் மட்டும் அடித்த வண்டி என்றால் பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு மேலே போவது நல்லது. 6 வோல்ட்டில் 12 வோல்ட் எல்இடி எரியாது, அல்லது மினுக்கென்று இருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியில், உலோக உடலோடு எர்த் ஆகும் சாதாரண எல்இடி பல்பு வேலையே செய்யாது. அதற்கென்று செய்த பல்பை வாங்கவேண்டும், இல்லையென்றால் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றவேண்டும். இரண்டாவது பெரிய வேலை. ஸ்டார்ட்டர், சார்ஜிங், மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து வரும். அதை எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் அடுத்த தலைப்புதான் உங்களுடையது.

அறிகுறி: மங்கலாக எரிகிறது, ஒன்றைப் போட்டால் இன்னொன்று அணைகிறது

பிரேக் மிதித்தால் முன்னால் பார்க்கிங் லைட் லேசாக எரியும். அல்லது பகலில் பிரேக் லைட் சரியாக வேலை செய்யும். இரவு லைட் போட்டதும் பிரேக் லைட் வராது. இடது இண்டிகேட்டரைப் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்கும். இப்படிப் பேய் பிடித்த மாதிரி நடந்தால் வேறு எதையும் தொடாதீர்கள், எர்த் பாருங்கள். எர்த் கிடைக்காத கரன்ட் வேறொரு லைட்டின் வழியாகத் திரும்ப வழி தேடுகிறது, அவ்வளவுதான்.

சோதனை எளிது. நீளமான வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் கொடுங்கள் (நெகட்டிவ் எர்த் வண்டி என்றால்). மறுமுனையை லைட்டின் எர்த் வயரில் தொடுங்கள். எல்லாம் ஒழுங்காகிவிட்டதா? சரி, கோளாறு எர்த்தில்தான். எந்த இடத்தில் என்பதுதான் மிச்சம்.

பழைய டிரக்கில் எர்த் லைட்டிலிருந்து பேட்டரிவரை பல கை மாறிப் போகும்: லைட்டிலிருந்து பிராக்கெட், பிராக்கெட்டிலிருந்து மட்கார்டு அல்லது பின்தொட்டி, அதிலிருந்து சேஸிஸ், சேஸிஸிலிருந்து இன்ஜின், இன்ஜினிலிருந்து பேட்டரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு போல்ட். அந்த போல்ட்டுக்கு அடியில் பவுடர் கோட்டிங், ரப்பர் புஷ், துரு என்று ஏதாவது ஒன்று உட்கார்ந்திருக்கும். பின்தொட்டியின் தரை மரப்பலகை, மட்கார்டு ஃபைபர் கிளாஸ் என்றால் எர்த் போக வழியே இல்லை. பழைய பல்பு இருந்த காலத்தில் இதே பிராக்கெட் வழியாக எரிந்ததே என்று கேட்பார்கள். அப்போது அந்த உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே இத்தனை அழகான பெயின்ட் இல்லை.

எங்கே என்று கண்டுபிடிக்க, 21 வாட் பல்பை டெயில் லைட் இருக்கும் இடத்தில் மாட்டி எரியவிடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே வைத்துக்கொண்டு, சிவப்பு முனையால் முதலில் பல்பின் எர்த், அப்புறம் பிராக்கெட், பிறகு சேஸிஸ், கடைசியில் இன்ஜின் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். நல்ல எர்த் என்றால் 0.2 வோல்ட்டைத் தாண்டாது. எந்த இடத்தில் அது திடீரென்று இறங்குகிறதோ, அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் கோளாறு.

சரிசெய்வதில் குறுக்குவழி வேண்டாம். ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் வயர் இழுத்து, இரண்டையும் சேஸிஸில் ஒரே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த இடத்தில் பளபளவென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பல் வைத்த வாஷரோடு போல்ட்டை இறுக்கி, அதன்மேல் கிரீஸ் அல்லது பெயின்ட் தடவுங்கள். சேஸிஸிலிருந்து இன்ஜினுக்கும் பேட்டரிக்கும் போகும் பட்டையான எர்த் கேபிளையும் அப்படியே பார்த்துவிடுங்கள். பெயின்ட் கெட்டுவிடுமே என்று தேய்க்கத் தயங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாஷர் அகலத்துக்குத்தான் தேய்க்கப் போகிறீர்கள், அதுவும் யாரும் குனிந்து பார்க்காத இடத்தில்.

அறிகுறி: டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே வெளிச்சம்

லைட் போட்டவுடனே முழு வெளிச்சம் வருகிறது, பிரேக் மிதித்தால் மாற்றமே இல்லை என்றால் இரண்டு வயரும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிக் கொடுங்கள், முடிந்தது.

பழைய ஹோல்டரில் எல்இடி பல்பு மட்டும் மாற்றியிருந்தால், பல்பைக் கழற்றி அதன் பக்கவாட்டு முட்களைப் பாருங்கள். 1157 வகை (இரட்டை இழை) பல்பில் இரண்டு முள்ளும் வேறு வேறு உயரத்தில் இருக்கும், தப்பாக மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. தேய்ந்த ஹோல்டரில் அழுத்தித் திருப்பினால் தலைகீழாகவும் உட்கார்ந்துவிடும்.

வயர் சரி, பல்பு சரி, வித்தியாசம் இருக்கிறது, ஆனால் போதவில்லை என்றால் பல்பே மட்டம். பழைய இரட்டை இழை பல்பில் ஒன்று 21 வாட், மற்றது 5 வாட். பின்னால் வருகிறவருக்கு பிரேக் பளிச்சென்று தெரியும். மலிவான எல்இடி பல்புகளில் அந்த வித்தியாசம் இருப்பதில்லை. வாங்கும்போது, சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே வைக்கவேண்டும். வெள்ளை எல்இடி வைத்தால் பெரும்பகுதி வெளிச்சத்தைக் கண்ணாடியே தின்றுவிடும், மிச்சமும் இளஞ்சிவப்பாகத் தெரியும். நடுவெயிலில் வண்டிக்குப் பின்னால் இருபது அடி தள்ளி நின்று, ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். தயக்கம் வந்தால் அந்தப் பல்பு வேண்டாம்.

அறிகுறி: பிரேக் லைட் மட்டும் வரவில்லை

பிரேக் ஸ்விட்சின் இரண்டு வயரையும் கழற்றி ஒன்றோடு ஒன்று தொடுங்கள். லைட் வந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. பெடலுக்கு மேலே இருக்கும் ஸ்விட்ச் என்றால் முதலில் அதன் இடைவெளியைச் சரிசெய்து பாருங்கள். பிரேக் லைட் *அணையவில்லை* என்றாலும் இங்கேதான் தொடங்கவேண்டும்: பெடல் முழுதாக மேலே வருகிறதா, ஸ்விட்சைத் தொடுகிறதா என்று. மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருகியிருக்கும் எண்ணெய் அழுத்த ஸ்விட்ச் என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை, புதிது போடவேண்டியதுதான். கழற்றும்போது பிரேக் எண்ணெய் ஒழுகும், காற்று புகும். பிரேக்கில் காற்று எடுக்கத் தெரியாதவர்கள் அதோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடவும். லைட் வருவதைவிட வண்டி நிற்பது முக்கியம்.

வயரைத் தொட்டும் லைட் வரவில்லையா? ஸ்விட்சுக்கு வரும் வயரில் கரன்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அடுத்த சந்தேகம் இண்டிகேட்டர் ஸ்விட்ச். பழைய அமெரிக்க டிரக்குகளில் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே சிவப்பு லைட்டில் வரும். பிரேக் வயர் ஸ்டீயரிங் அடியில் உள்ள இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குள் புகுந்துதான் பின்னால் போகிறது. இடது பக்கம் பிரேக் வருகிறது, வலது பக்கம் வரவில்லை, ஆனால் வலது இண்டிகேட்டர் ஒழுங்காக இருக்கிறது என்றால் அந்த ஸ்விட்சின் உள்ளே காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. லீவரை லேசாக ஆட்டிக்கொண்டே பிரேக் மிதித்தால் வந்து வந்து போகும். ஸ்விட்சை மாற்ற ஸ்டீயரிங் வீலைக் கழற்றவேண்டியிருக்கும். அதை இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி இல்லாமல் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்க்காதீர்கள்.

மேலே நடுவில் மூன்றாவது பிரேக் லைட் சேர்த்திருக்கிறீர்கள், அது இண்டிகேட்டரோடு சேர்ந்து சிமிட்டுகிறது என்றால், அதற்கான வயரை ஒரு பக்க லைட்டிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். இண்டிகேட்டர் ஸ்விட்சுக்கு முன்னால், பிரேக் ஸ்விட்சிலிருந்தே நேராக எடுங்கள்.

அறிகுறி: இண்டிகேட்டர் எரிகிறது, சிமிட்டவில்லை

இது கோளாறே அல்ல, எதிர்பார்க்கவேண்டியது. இண்டிகேட்டரைச் சிமிட்டவைக்கும் பழைய பிளாஷருக்குள் ஒரு தகடு சூடாகி வளைந்தால்தான் சிமிட்டும். எல்இடி இழுக்கும் கரன்ட் அதைச் சூடாக்கப் போதாது. எல்இடிக்கென்று வரும் எலக்ட்ரானிக் பிளாஷரைப் போடுங்கள். அதில் பெரும்பாலும் மூன்று முனை இருக்கும்: பி பேட்டரி பக்கம், எல் லைட் பக்கம், ஈ எர்த். பழையதில் இரண்டுதான் இருந்திருக்கும். மூன்றாவதுக்கு எர்த் இழுக்க மறந்துவிட்டு, பிளாஷர் கெட்டது என்பவர்கள் நிறைய. இரண்டு முனை எலக்ட்ரானிக் பிளாஷர் என்றால் வயரை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பழையது எப்படிக் கொடுத்தாலும் ஓடும், இது ஓடாது. அபாய விளக்குக்குத் தனி பிளாஷர் இருந்தால் அதையும் மாற்றவேண்டும்.

அறிகுறி: மிக வேகமாகச் சிமிட்டுகிறது

பல்பு ஒன்று போய்விட்டதாக பிளாஷர் நினைத்துக்கொள்கிறது. உண்மையிலேயே ஒரு லைட் எரியாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன பிளாஷர்தான் தீர்வு.

பழைய பல்பு மாதிரி கரன்ட்டை இழுக்க, சிலர் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் போடச் சொல்வார்கள். வேலை செய்யும். ஆனால் 14 வோல்ட்டில் அது 30 வாட்டுக்கு மேல் சூட்டைக் கக்கும், தொட்டால் கை பொத்துப்போகும். அதிலும் பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயரில் இருக்கும் வண்டியில் அதைப் போடவே வேண்டாம் என்பது என் கருத்து. இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரிவதால் ரெசிஸ்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். நெரிசலில் பிரேக் மிதித்துக்கொண்டே நின்றால் அந்த இடைவெளி கிடையாது. போட்டே ஆகவேண்டும் என்றால் சேஸிஸ் இரும்பில் திருகுங்கள். பிளாஸ்டிக், மரப்பலகை, வயர் கட்டு எதன் அருகிலும் வேண்டாம்.

அறிகுறி: ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகிறது

எர்த் எல்லாம் சரியாக இருந்தும் இது நடந்தால் டேஷ்போர்டைப் பாருங்கள். இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை விளக்கு இருக்கிறதா? அந்தச் சின்ன பல்பின் ஒரு முனை இடது வயரிலும் மறுமுனை வலது வயரிலும் இருக்கும், அதற்குத் தனி எர்த் கிடையாது. எதிர்ப்பக்கத்துப் பெரிய பல்புகள்தான் அதற்கு எர்த்தாக இருந்தன. இப்போது அங்கே எல்இடி. பச்சை விளக்கு வழியாக வரும் துளி கரன்ட்டே அதை எரியவைக்கப் போதும்.

உறுதிசெய்ய, பச்சை பல்பைக் கழற்றுங்கள். நான்கும் சிமிட்டுவது நின்றுவிட்டால் அதுதான். 1என்4007 டயோடு (கரன்ட்டை ஒரு திசையில் மட்டும் விடுவது) இரண்டு வாங்கி, இடது வயரிலிருந்து ஒன்று, வலது வயரிலிருந்து ஒன்று, கோடு போட்ட முனைகள் இரண்டையும் சேர்த்துப் பச்சை பல்பின் ஒரு முனையில் கொடுங்கள். பல்பின் மறுமுனைக்கு எர்த். இது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு. டயோடுகளின்மேல் சூட்டில் சுருங்கும் உறை போட மறக்காதீர்கள்.

அறிகுறி: எல்லாம் அணைத்தபிறகும் லேசாக எரிகிறது

எங்கிருந்தோ கரன்ட் கசிகிறது. உள்ளே விளக்கு வைத்த ஸ்விட்ச், எலக்ட்ரானிக் பிளாஷர், ஈரம் புகுந்த கனெக்டர் இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். எதைப் பிரித்ததும் லைட் அணைகிறதோ அதுவே காரணம். ஈரம் என்றால் கனெக்டரைச் சுத்தம் செய்தால் போச்சு. ஸ்விட்சோ பிளாஷரோ என்றால், லைட்டின் வயருக்கும் எர்த்துக்கும் நடுவில் 1000 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று போதும், அது சூடாகாது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரியும் இறங்கியிருந்தால் கசிவு சிறியதல்ல, எலக்ட்ரீசியனிடம் காட்டுங்கள்.

அறிகுறி: இன்ஜின் ஓடும்போது மட்டும் நடுங்குகிறது

இன்ஜினை அணைத்தால் நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். அப்போதும் நடுங்கினால் லூஸ் காண்டாக்ட். வயரை அங்கங்கே அசைத்துப் பார்த்தால் பிடிபடும்.

இன்ஜின் ஓடும்போது மட்டும்தான் என்றால், மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். டிசியில் 13.8 முதல் 14.5 வரை இருக்கலாம். 15-ஐத் தாண்டினால் சார்ஜிங் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது; அப்படியே ஓட்டினால் எல்இடி ஒவ்வொன்றாகச் சாகும். பிறகு மீட்டரை ஏசிக்கு மாற்றுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் டயோடு போயிருக்கலாம். இரண்டுமே பெஞ்சில் வைத்துப் பார்க்கவேண்டிய வேலை, எலக்ட்ரீசியனிடம் கொண்டுபோங்கள். இன்னும் டைனமோவில் ஓடும் வண்டி என்றால், மெதுவான ஓட்டத்தில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். பழைய பல்பின் இழை சூடாறுவதற்குள் அது மறைந்துவிடும், எல்இடி மறைக்காது.

அறிகுறி: பியூஸ் போய்க்கொண்டே இருக்கிறது

பெரிய பியூஸ் போட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம். பியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பை மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அது பளிச்சென்று எரியும். பின்னால் இருந்து ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துக்கொண்டே வந்தால், எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ அந்தத் துண்டில்தான் ஷார்ட். வயர் சேஸிஸ் ஓட்டைக்குள் ரப்பர் வளையம் இல்லாமல் நுழையும் இடம், பின்தொட்டிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நசுங்கிய இடம், புகைக்குழாய்க்கு அருகே உருகிய இடம், வயரைக் கத்திபோல் கடித்துப் பிடிக்கும் அவசர கனெக்டர்கள், இந்த வரிசையில் தேடுங்கள்.

வயரைத் தொட்டால் துணிச்சுற்று பொடிப்பொடியாக உதிர்கிறதா, எரிந்த வாடை வருகிறதா, சுவிட்சின் பின்பக்கம் கறுத்திருக்கிறதா? அப்படியானால் தேடுவதை நிறுத்திப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். அந்த வண்டிக்கு முழு ஹார்னஸும் (வயர் கட்டு முழுவதும்) புதிதாகப் போடவேண்டும். ஒட்டுப்போடும் நிலையைத் தாண்டிவிட்டது.

அறிகுறி: சில புள்ளிகள் மட்டும் எரியவில்லை, உள்ளே தண்ணீர்

எல்இடிகள் சிறு சிறு தொகுதிகளாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று போனால் அதன் தொகுதியே அணையும். பிசின் ஊற்றி மூடிய லைட்டைத் திறந்து சரிசெய்ய முடியாது, மாற்றுங்கள். ஆனால் புதியதை மாட்டுமுன் பழையது ஏன் போனது என்று பார்க்கவேண்டும். மேலே சொன்ன 15 வோல்ட் ஒரு காரணம். இன்னொன்று வெல்டிங்: சேஸிஸில் எதையாவது பற்றவைக்குமுன் பேட்டரியையும் லைட்டுகளின் கனெக்டரையும் கழற்றியாகவேண்டும். தண்ணீர் என்றால், லைட்டின் வடிகால் ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று லைட்டைத் திருப்பி மாட்டிய வண்டிகளில் அது மேலே போயிருக்கும். நேராக்கி மாட்டிவிட்டு, வயர் உள்ளே நுழையும் இடத்தைச் சிலிக்கானால் மூடுங்கள். வடிகால் ஓட்டையைச் சேர்த்து மூடிவிடாதீர்கள்.